பஸ் போன பிறகும் இருந்த நிறம்

மலைமேல் இருக்கிற ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர். கூடத்தின் கூரையில் பதித்திருந்த பெரிய கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று ஆள் விட்டார்கள். பார்க்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான். சில வருஷத்துக்குள் லேசர், தொலைநோக்கி, பலூன் எல்லாமே அவர் கைக்கு வந்துவிட்டன. பெரிய படிப்புப் படித்து வந்த இரண்டு பேர் அவருடைய வாய்க்குப் பயந்து வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"எங்கிட்ட பட்டம் இல்ல. ஆனா என் மிஷின்ல பழுதும் இல்ல" என்பார். சொல்லும்போது மூக்கு கொஞ்சம் மேலே தூக்கும். மனிதர் நல்லவர்தான். ஆனால் நல்லவருக்கு இருக்கிற கர்வத்தை யாரும் கர்வம் என்று சொல்லிக் கிள்ளுவதில்லை. அதனால் அது பாட்டுக்குக் கொழுத்து வளர்ந்தது.

அவருக்கு வேலை மேகத்தை அளக்கிறது. மழை மேகம் அல்ல. அந்த ஊரில் குளிர்காலத்தில் சூரியன் பகலில் இரண்டு மூன்று மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும். அப்போது இருபது கிலோமீட்டர் உயரத்தில் காற்று உறைநிலைக்குக் கீழே எண்பது டிகிரி வரை இறங்கும். அந்தக் குளிரில் அமிலமும் பனியும் சேர்ந்து பொடிப் பொடித் துகளாக ஒரு மேகம் கூடும். சிப்பியின் உள்பக்கத்தைப் போல ரோஜாவும் பச்சையும் நீலமும் அதில் ஓடும். ஊர்க்காரர்கள் மாடியில் ஏறி போட்டோ எடுப்பார்கள். அதைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாம்பு படம் எடுக்கிறத நின்னு ரசிக்கிறானுங்க" என்பார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பழைய ஃப்ரிட்ஜுகளிலிருந்தும் ஸ்ப்ரே டப்பாக்களிலிருந்தும் மேலே போன வாயுக்களின் குளோரின் அங்கேதான் இருக்கிறது. சாதாரணமாகக் கட்டிப்போட்ட மாடாட்டம் சும்மா கிடக்கும். அந்த மேகத்தின் துகள்மேல் பட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். அவிழ்ந்தது இருட்டில் காத்துக்கொண்டிருக்கும். வெயில் திரும்பி வந்ததும் ஓசோனை மேயத் தொடங்கும். ஓசோன் குறைந்தால், வெயிலில் தோலைச் சுடுகிற பங்கு தடையில்லாமல் தரைக்கு வந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில் எவ்வளவு மேகம், எத்தனை நாள், எத்தனை கனம் என்று ஒழுங்காக அளந்துவிட்டால், வசந்தத்தில் வெயில் எப்படி அடிக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடலாம். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அந்த மணியோசையைக் காதுகொடுத்துக் கேட்கிற உத்தியோகம் அவருடையது.

ஊரில் பாதிப் பேர் அந்த முன்னறிவிப்பைப் படிக்கவே மாட்டார்கள். அவருடைய தங்கை அதை வைத்துத்தான் வீட்டுக் கதவைத் திறப்பாள்.

தங்கைக்கு வெயில் ஆகாது. பேச்சுக்குச் சொல்கிற ஆகாது இல்லை. இருபத்துமூன்று வயதில் ஒரு நாள் தோழிகளோடு படகில் சுற்றிவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் இரண்டு கன்னத்திலும் சிவப்பு. பிறகு காய்ச்சல், மூட்டுவலி. ஒரு மாதத்துக்குள் சிறுநீரகம் பாதி போய்விட்டது. உடம்பைக் காக்க வேண்டிய படையே உடம்பை அடிக்கிற வியாதி, அதை வெயில் உசுப்பிவிடுகிறது என்றார் மருத்துவர்.

"இன்னொரு தடவை இப்படி வந்தா மிச்சம் இருக்கறதும் போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் ரத்தத்த சுத்தம் பண்ற மிஷின்தான்" என்று அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அப்பா அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள்.

அதன் பிறகு அவள் மூன்று வருஷம் வசந்தமும் கோடையும் திரைச்சீலைக்குப் பின்னால் கிடந்தாள். அந்தச் சமயத்தில்தான் அண்ணன் கீறலைப் பார்க்க மலைக்குப் போனார். அங்கே இருந்த எஞ்சினியர், இந்தக் கருவி எதற்கு என்று கேட்டவருக்கு, "வெயில்ல எவ்வளவு விஷம்னு முன்கூட்டியே சொல்றதுக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவைத்தார். கண்ணாடிக்காரர் கையில் இருந்த துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு இங்க ஒரு வேலை கெடைக்குமா?" என்று கேட்டார். அவர் அங்கே தங்கிய கதை இவ்வளவுதான். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் "நேரம் எங்க இருக்கு" என்பார்.

அன்றிலிருந்து சமையலறையில் தினமும் ஒரே பேச்சு.

"இன்னிக்கு என்ன நம்பர்?"

"ஒண்ணரை. தாராளமா போ."

அந்தச் சுடுகிற பங்கின் அளவுக்கு வெயில் எண் என்று பெயர். அது இரண்டு வரைக்கும் தொப்பி, சால்வை, களிம்பு எல்லாம் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் போகலாம். மூன்று என்றால் மாடிப்படி வரைக்கும். நாலு என்றால் திரைச்சீலை. "நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போவாள். பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட வேறு யாரிடமும் கேட்டதில்லை. அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், சலவைத் துணி மடிப்பது. மாலை ஆறு மணிக்குப் போவாள்.

இங்கே லேசரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் செய்த காரியம் புரியாது. கூரைக் கண்ணாடி வழியாகப் பச்சை ஒளியை மேலே விடுவார். எந்த உயரத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று தொலைநோக்கி எண்ணும். வெறும் காற்றும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அதற்கு மேல் வந்தால் மேகம். அப்படியென்றால் வெறும் காற்றுக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே? அதற்காக, மேகமே ஏறாத ஓர் உயரத்தைப் பார்த்து, இங்கிருந்து வருவது வெறும் காற்று, இதன் மதிப்பு ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள். தராசு முள்ளை நடுவில் நிறுத்திவிட்டு எடைபோடுகிற மாதிரி. அந்த உயரத்துக்குச் சுத்த உயரம் என்று பெயர். அந்த எஞ்சினியர் அதை இருபத்தாறு கிலோமீட்டர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் திரையின் விளிம்பில் ஒட்டிவிட்டு மாற்றலாகிப் போனார். சீட்டு மஞ்சளாகிவிட்டது. எண் அப்படியே இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாக வந்த இயக்குநர் அம்மாள் அந்தச் சீட்டைப் பார்த்துக் கேட்டார். "ஏன் இருபத்தாறு? முப்பதுக்கு மேல வச்சா என்ன?"

"மேல போனா சிக்னல் தேஞ்சிடும் மேடம். இருபத்தாறுல மேகம் வந்து நான் பாத்ததே இல்ல."

"நீங்க பாத்ததில்ல. வரவே வராதா?"

"ஒன்பது வருஷமா வராதது நீங்க வந்திருக்கீங்கன்னா வரப்போகுது?"

இயக்குநர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சிரிக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

கண்ணாடிக்காரர் மலைக்கு வந்த பதினோராவது வருஷக் குளிர் பொல்லாத குளிர். தெருவில் தண்ணீர்க் குழாய் மூன்று முறை வெடித்தது. கதவுப் பிடியை வெறும் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு குளிரில் மேலே மேகம் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் லேசரில் மெல்லிசாகத்தான் தெரிந்தது. கண்ணாடிக்காரருக்கு முதலில் ஆச்சரியம், பிறகு சந்தோஷம். தங்கைக்கு நல்ல வசந்தம் வரப்போகிறது என்று நினைத்தார். ஆசை கண்ணை மறைக்கும் என்பது அடுத்தவருக்குச் சொல்லத்தான் நமக்கெல்லாம் ஞாபகம் வரும்.

தங்கை மேற்குப் பார்த்த சமையலறை ஜன்னலில் காப்பித் தம்ளரோடு நின்று மேகம் பார்ப்பாள். சூரியன் போன பிறகுதான் அவளுக்கு ஜன்னல். துறைமுகத்திலிருந்து நாலு பத்துக்கு ஒரு பஸ் அந்த வழியாக மலைக்கு ஏறும். பஸ் வருவதற்கு முன்னால் மேகத்தின் நிறம் செத்ததா, பின்னால் செத்ததா என்று நாள்காட்டியின் கட்டத்தில் குறித்துவைப்பது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஜனவரியில் ஒரு நாள் சொன்னாள். "அண்ணா, இந்த வருஷம் பஸ் போன பிறகும் மேகம் நெறமாவே இருக்கு."

"பஸ்ஸு லேட்டா வந்திருக்கும்."

"தினமுமா?"

"இந்தப் பனில டிரைவர் உருட்டிக்கிட்டுதான் வருவான்."

"போன வருஷ காலண்டர எடுத்துப் பாத்தேன். இதே தேதிகள்ல பஸ் வர்றதுக்குள்ள சாம்பலாயிடுச்சு. இப்ப பஸ் போயி பத்து நிமிஷம் நிக்குது."

"ஏண்டி, என் லேசர விட உன் பஸ்ஸு பெரிசா?"

அவள் சிரித்தாள். சட்டென்று சிரித்துவிடுகிற சுபாவம் அவளுக்கு.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரம் வருகிறது. தரையில் சூரியன் மறைந்த பிறகும் ஒரு மேகம் நிறமாக இருக்கிறதென்றால் அங்கே இன்னும் வெயில் படுகிறது. எத்தனை நேரம் நிறம் நிற்கிறதோ அத்தனை உயரத்தில் மேகம். இது அவருக்குத் தெரியாததா? கூடத்தைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் பந்தையும் டார்ச் விளக்கையும் வைத்துக்கொண்டு அவரேதான் விளக்குவார். தங்கை அதே கணக்கைக் காப்பித் தம்ளரோடு நின்று சொன்னபோது அவருக்குக் காது அடைத்துப்போயிற்று.

பிப்ரவரிக் கடைசியில் முன்னறிவிப்பு வெளியாயிற்று. குளிர்கால மேகம் குறைவு, ஓசோன் இழப்பு சொற்பம், ஏப்ரல் முடிய வெயில் எண் இரண்டைத் தாண்டாது. கீழே இயக்குநரின் கையெழுத்து. கணக்கு முழுக்கக் கண்ணாடிக்காரருடையது.

தங்கை அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். "நெஜமாவா?"

"அச்சடிச்சு குடுத்திருக்கேனே."

"படகுத்துறையில மூணு வாரத்துக்கு டிக்கெட் கிழிக்க ஆள் கேக்கறாங்க. காலைல எட்டுலேந்து ரெண்டு வரைக்கும். வெட்டவெளி." மூச்சு விடாமல் சொன்னாள். "எனக்குப் பகல்ல மனுஷங்க மூஞ்சியப் பாக்கணும்ணா. மடிச்சு மடிச்சு, கனவுல கூட போர்வைதான் வருது."

அவர் இரண்டு நாள் யோசித்தார். அவளைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனார். மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்பர் ரெண்டுக்குள்ள இருந்து, முகத்த மூடிக்கிட்டா, மூணு வாரம் பரவாயில்ல. நம்பர் நிச்சயந்தானே?" என்றார்.

"அடிச்சு சொல்றேன் டாக்டர்."

மார்ச் நடுவில் இன்னொரு எச்சரிக்கை வந்தது. மாதாமாதம் பலூனில் ஓசோன் அளவுப் பெட்டியைக் கட்டி விடுவார்கள். அந்த மாதப் பலூன், பதினாறு கிலோமீட்டரிலிருந்து இருபது வரைக்கும் ஓசோன் பாதிக்கும் கீழே என்று செய்தி அனுப்பியது. கண்ணாடிக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்தார். மேகமே இல்லாத வருஷத்தில் ஓசோன் எப்படிப் போகும்? பெட்டியில் காற்றை இழுக்கிற பம்ப் குளிரில் நின்றிருக்கும். பதிவேட்டில் "பம்ப் கோளாறு" என்று எழுதி மூடினார். அந்தக் கூடத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. பொய் சொன்ன லேசரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி, உண்மை சொன்ன பலூனுக்குத் தண்டனை கொடுத்தார். தரையிலிருந்து ஓசோன் அளக்கிற கருவி சரிபார்ப்புக்காக வெளியூர் போயிருந்தது. துணைக்கோள் படங்கள் தபாலில் வந்துசேர ஒரு மாதம் ஆகிற காலம் அது. கையோடு தொலைபேசி கொண்டு போகிற வழக்கமும் அப்போது இல்லை.

ஏப்ரல் முதல் வாரம், திங்கட்கிழமை. மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லாத நீல வானம். தெருவெல்லாம் பனி, கண் கூசியது. தங்கை ஏழு மணிக்கே தயாராகி நின்றாள். புதுத் தொப்பி, கழுத்துவரை சால்வை, மூக்கில் வெள்ளையாகக் களிம்பு.

"இன்னிக்கு என்ன நம்பர்?"

"ரெண்டு."

"நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள். பதினாலு வருஷத்தில் அவள் அப்படி இறங்கி அவர் கேட்டதில்லை.

அவர் ஒன்பதரை மணி பஸ்ஸில் மலைக்குப் போனார். டிரைவர் பழக்கமானவர், மாலை நாலு பத்து பஸ்ஸும் அவருடையதுதான். கண்ணாடிக்காரர் அன்று நல்ல குஷியில் இருந்தார். முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வம்புக்கு இழுத்தார்.

"குளிர்காலம் பூரா நீங்க லேட்டா ஓட்டி, எங்க வீட்டுல ஒருத்தி மேகக் கணக்கையே மாத்தி வச்சிட்டா."

டிரைவருக்குச் சுருக்கென்று தைத்தது. "யார் சார் லேட்டு? அந்த நாலு பத்து பஸ் இந்தக் குளிர்காலத்துல ஒரு நாள் லேட்டுன்னு யாராவது சொல்லட்டும், இந்த வேலையவே விட்டுடறேன். அக்டோபர்லயே டயருக்கு சங்கிலி மாட்டினேன். இத பாருங்க" என்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் திருகி வைத்திருந்த சின்னக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "நேரம் தவறாததுக்கு டிப்போல குடுத்தது."

"ஒரு நாள் கூடவா இல்ல?"

"ஒரு நாள் கூட."

பஸ் வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் அவர் கைமேல் விழுந்தது. அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பத்து நிமிஷம், தினமும் பத்து நிமிஷம். எத்தனை உயரம் ஏறினால் பத்து நிமிஷம் கூடும் என்று மனக்கணக்குப் போட்டார். போடப் போட விடை இருபத்தாறைத் தாண்டியே வந்தது.

கூடத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜனவரிப் பதிவு ஒன்றைத் திறந்தார். கணக்குப் போடுகிற பழைய கம்ப்யூட்டர் நிரலில் ஒரு வரி இருந்தது: மதிப்பு ஒன்றுக்குக் கீழே போனால் ஒன்று என்றே வைத்துக்கொள். எஞ்சினியர் எதற்கோ எழுதி வைத்தது. அந்த வரியை நீக்கிவிட்டு ஓடவிட்டார். மேகத்துக்குக் கீழே இருந்த வெறும் காற்று பாயிண்ட் ஏழு என்று காட்டியது. சுத்தமான காற்றைவிடச் சுத்தமான காற்று உலகத்தில் எங்கே இருக்கிறது? முள்ளை நிறுத்துகிறபோதே தட்டில் கல் இருந்திருக்கிறது. அவர் வெறும் காற்று என்று வைத்துக்கொண்ட இருபத்தாறிலேயே மேகம் நின்றிருக்கிறது. மேகத்தை ஒன்று என்று வைத்துவிட்டு மேகத்தைத் தேடியிருக்கிறார்.

சுத்த உயரத்தை முப்பத்திரண்டுக்கு ஏற்றினார். திரையில் சுள்ளிபோல இருந்த கோடு தூணாகப் பருத்தது. அடுத்த நாளைத் திறந்தார், அடுத்த நாளை. முப்பத்தொன்பது நாள். மேகத்தின் அடிவிளிம்பு நாளுக்கு நாள் கீழே இறங்கியிருந்தது. துகள்கள் பெருத்து விழுந்திருக்கின்றன. அவிழ்ந்த குளோரினை மறுபடி கட்டிப்போடுகிற கயிறு அந்தத் துகள்களின் அமிலத்தில்தான் இருந்தது. கயிறும் விழுந்துவிட்டது. மேய்கிற மாட்டை இனிக் கட்ட ஆளில்லை. பலூன் சொன்னது அத்தனையும் நிஜம்.

இயக்குநரின் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

"மேடம், தப்பு பண்ணிட்டேன். இருபத்தாறுல மேகம் இருந்திருக்கு. குளிர்காலம் முழுக்க."

இயக்குநர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். ஒரு தாளில் வேகமாகக் கணக்குப் போட்டார். "இன்னிக்கு நடுப்பகல்ல நாலு. பனில பட்டு திரும்பறதையும் சேத்தா அஞ்சு." தாளை மடித்தார். "இன்னொரு நிலையத்துகிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டுதான் அறிவிப்பு விடணும். அது வரைக்கும் வெளிய யார்கிட்டயும்..."

"என் தங்கச்சி துறையில நிக்கிறா மேடம். எட்டு மணிலேந்து. நான்தான் அனுப்பினேன்."

இயக்குநர் படகுத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் வெளியே வெயிலில் நின்றிருப்பார்கள். போனை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார். "ஏறுங்க வண்டில."

வழியில் பார்க்கிற இடமெல்லாம் ஜனங்கள். நீண்ட இருட்டுக்குப் பிறகு வந்த வெயில். சுவர் ஓரமெல்லாம் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆள் ஆளாக நின்றார்கள். கண்ணாடிக்காரருக்கு ஒவ்வொருவரையும் பிடித்து உள்ளே தள்ள வேண்டும்போல இருந்தது. வானத்தில் எந்த அடையாளமும் இல்லை. கொள்ளையடித்துவிட்டுப் போன வீடு வெளியே பார்க்கப் பூட்டியே இருக்கிற மாதிரி, நீலமாக, அமைதியாக இருந்தது.

பதினொன்றே முக்காலுக்குத் துறைக்கு வந்துசேர்ந்தார்கள். ஒரு பக்கம் பனி, ஒரு பக்கம் தண்ணீர், இரண்டும் கண்ணைப் பறித்தன. தங்கை படகில் ஏறுகிற பலகையின் ஓரம் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். தொப்பி பெஞ்சின்மேல் கிடந்தது. சால்வை இடுப்பில் கட்டியிருந்தது. ஒரு குழந்தை ஏதோ சொல்ல, குனிந்து சிரித்தாள்.

அண்ணனைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். "என்ன, வேவு பாக்க வந்தியா? எல்லாம் ஒழுங்காத்தான் கிழிக்கிறேன்!"

அவர் ஓடிப்போய்த் தன் கோட்டைக் கழற்றி அவள் தலைமேல் போட்டு மூடினார். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

"அண்ணா, என்ன பண்ற? எல்லாரும் பாக்கறாங்க."

"நம்பர் தப்பு."

கோட்டுக்குள்ளிருந்தே கேட்டாள். "எவ்வளவு?"

"அஞ்சு."

"ரெண்டுதானேன்னு ஒம்பது மணிக்கே தொப்பிய எடுத்துட்டேன்" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப பஸ்ஸு லேட் இல்லையா?"

"இல்லம்மா. ஒரு நாள் கூட இல்ல."

மூன்று மணிக்கு அறிவிப்பு வந்தது. ஊரில் நிறையப் பேருக்கு மூக்குத் தோல் உரிந்தது. ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் மறந்தும்போனார்கள். கண்ணாடிக்காரர் வீட்டில் அவர் இரண்டு நாள் தூங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் அவள் கண்ணாடி முன்னால் நின்று, "அண்ணா, இங்க வா" என்று கூப்பிட்டாள். இரண்டு கன்னத்திலும் சிவப்பு, சிறகு விரித்த மாதிரி.

ஜூன் மாதத்துக்குள் மிச்சம் இருந்த சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஆஸ்பத்திரி நாலாம் மாடியில் மிஷினோடு கட்டிப்போட்ட கை.

வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது என்று அவர் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு போனார். இயக்குநர் அதை வாங்கவில்லை. "நான் கேள்வி கேட்டுட்டு சிரிச்சிட்டு போனவ. கையெழுத்தும் என்னோடது. நானும் சேந்துதான் எழுதணும்" என்றார். கண்ணாடிக்காரர் மஞ்சள் சீட்டைக் கிழித்து எடுத்தார். பசை காய்ந்து திரையின் விளிம்போடு பிடித்துக்கொண்டிருந்த மூலை மட்டும் வரவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவர் வாயிலிருந்து பழுது இல்லை என்ற பேச்சு அதன் பிறகு வரவில்லை.

ஒரு நாள் படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, "என் மேல கோவம் இல்லையா உனக்கு?" என்று கேட்டேவிட்டார்.

"இருக்கு" என்றாள். "எவ்வளவோ இருக்கு. நான் சொன்னப்ப நீ ஒரு தடவை ஜன்னலுக்கு வந்து பாத்திருக்கலாம். அது போகாதுண்ணா." போர்வையைச் சரிசெய்துகொண்டு, "அதுக்காக யார்கிட்ட போயி நம்பர் கேக்கறது?" என்றாள்.

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். செவிலி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த குளிர்காலம் வந்தது. கூடத்துப் பதிவேட்டில் லேசர், பலூன் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்: கண்ணால் பார்த்தது. ஆஸ்பத்திரி நாலாம் மாடி ஜன்னலும் மேற்குப் பார்த்தது, நாலு பத்து பஸ் அதன் கீழேதான் போகும். வார்டு மேஜையில் இருந்த போனை செவிலி இழுத்துக் கொண்டுவந்து தங்கையின் காதில் வைப்பாள். இப்போது நம்பர் கேட்கிறவர் அண்ணன்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் மணி அடித்தது. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்தார்.

"இன்னிக்கு என்ன நம்பர்?"

"பஸ் நாலு பத்துக்கு கீழ போச்சு. கடிகாரத்த பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். பின்னால் மிஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது. "பஸ் போயி பதினேழு நிமிஷம் ஆச்சு. போன வருஷத்த விட ஏழு ஜாஸ்தி. இன்னும் நெறம் போகலண்ணா."

அவர் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார்.